முந்திரியிலிருந்து நயா பைசா வரை

முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலக் கணக்கைப் படிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் மலைத்துப் போவார்கள். ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை அங்கே கணக்கு இறங்குகிறது. இன்றைய தஞ்சை வழக்கில் வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர். அதை அந்த எண்ணால் வகுத்தால் அரைச் சதுர மில்லிமீட்டர்தான் வரும். ஒரு கடுகு உட்காரக்கூட அந்த இடம் போதாது.

சோழர்கள் அவ்வளவு நுட்பமாக நிலம் அளந்தார்கள் என்று இதைப் பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. எந்தக் கோலாலும் அப்படி அளக்க முடியாது. ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சியதற்கு வரி விதிக்கும்போது கடைசித் துணுக்கையும் விடாமல் கணக்கர் எழுதி வைத்த எண் அது. 320ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் அதே 5,242 கோடியே 88 லட்சம் வரும். அந்த 320தான் இந்தக் கதையின் நாயகன்.

தமிழ்க் கணக்கின் அடிப்படைப் பின்னம் முந்திரி. ஒன்றில் 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 1/80. நாலு காணி சேர்ந்தால் ஒரு மா, 1/20. ஐந்து மா கால். இன்னொரு பக்கம் காலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் அரைக்கால், பிறகு 1/16 ஆகிய மாகாணி. வீசம் என்பதும் இதுவே. ஐந்தால் வகுக்கும் வரிசையும் இரண்டால் வகுக்கும் வரிசையும் ஒன்றோடொன்று முட்டாமல் போவதற்கு 320 வாகாக அமைந்தது. ஒரு மாவும் ஒரு காணியும் கூடினால் சரியாக ஒரு மாகாணி. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமென்றால் முந்திரியையே ஒன்றாக வைத்து மறுபடி 320 பங்கு போட வேண்டியதுதான். அதற்குக் கீழ்முந்திரி என்று பெயர். இந்தக் ‘கீழ்’ அடுக்கடுக்காக இறங்கித்தான் கல்வெட்டில் அந்தப் பூதாகர எண்ணைக் கொண்டுவந்தது.

இதையெல்லாம் திண்ணைப் பள்ளிகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவது வழக்கம். பொன்னிலக்கம் என்ற சுவடியில் பின்னங்களைக் கூட்டும் வரிசை இருக்கும். நெல்லிலக்கத்தில் முகத்தல் அளவு. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. குழிமாத்து நிலத்துக்கானது. பக்கங்களைப் பெருக்கிக் குழி காண்பதும், குழியை மாவாக, அதாவது வேலியில் இருபதில் ஒரு பங்காக, மாற்றுவதும் அதில் வரும். பதினாறு கோல் நீளம், பதினாறு கோல் அகலம் என்றால் 256 குழி. நூறு குழி ஒரு மா என்ற ஊரில் அது இரண்டு மாவும் 56 குழியும். தாள், பேனா எதுவும் கிடையாது, வாயும் காதும்தான். ஒருவன் முறை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

பாடமும் பிழைப்பும் இங்கே தனித்தனியாக இருக்கவில்லை. நெல்லிலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இதையே மரக்கால் என்றும் சொல்வார்கள். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பதினாறு பேர் எட்டு நாள் அறுவடைக்கு வந்தார்கள், ஆளுக்கு நாள் கூலி மூன்று நாழி என்றால் 384 நாழி. கலத்துக்கு 96 நாழி என்று தெரிந்த பையன் நாலு கலம் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவான். ஒரு நுட்பத்தையும் கவனிக்கலாம். 320ஐ மூன்றால் வகுத்தால் மீதம் விழும். கலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதால் மூன்றில் ஒரு பங்கு வாரம் பிரித்தால் தூணி தூணியாக விழும். களத்துமேட்டுக்கு எது தேவையோ அதைத்தான் அளவை கொடுத்தது.

காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் இந்த மரபின் புகழ்பெற்ற நூல். நிலம், பொன், நெல், அரிசி என்று வழி வழியாகப் பிரித்துக் கணக்குச் சொல்கிறது. ஆனால் பலருக்கும் தெரிந்தது அதில் வரும் பலாப்பழம்தான். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடுமாம். முள் நூறு என்றால் சுளை 120. நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். பலா மரத்துக்கு வாய்பாடு தெரியாது. ஆனால் ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கும் பயிற்சியைச் சிறுவனுக்குச் சுவையாக ஊட்ட இதைவிட நல்ல வழி கிடைப்பது அரிது.

வெளியிலிருந்து வந்தவர்களையும் இந்தப் பள்ளிகள் கவர்ந்தன. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதுவதையும் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவதையும் தம் பள்ளியில் புகுத்தினார். இந்தப் பெரிய பையன் நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான். பெல் 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகச் சொன்னது.

அதே கணக்கெடுப்பில் படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்காமல் திண்ணைப் பள்ளியின் புகழ் பாடுவது நியாயமில்லை. வயலில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்கும், களத்தில் நெல் தூற்றிய பண்ணையாளுக்கும் கலம் எத்தனை நாழி என்பது அனுபவத்தில் தெரியும். ஆனால் ஓலையில் என்ன ஏறியது என்பது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். மரக்காலைக் குவித்து அளந்தால் ஒரு அளவு, தலைவழித்தால் இன்னொன்று. ஊருக்கு ஊர் படியும் வேறு, கோலும் வேறு. ராஜராஜன் கோயிலில் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலுக்கே பெயர் சூட்டி அளந்தார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் கணக்கே நிற்காது. அளவையை வைத்திருந்தவன் கையில் அதிகாரம் இருந்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர் அரசு 1980இல் ஒழித்தபோது அந்த அதிகாரத்தின் கடைசிக் கண்ணி அறுந்தது.

பணத்தின் கதை வேறு. கம்பெனிக் காலத்துச் சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. பிறகு ரூபாய் வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. மாகாணி வாய்பாடு படித்தவனுக்கு அணா கஷ்டமே இல்லை. ரூபாயில் மாகாணிதான் ஓரணா. அதனால்தான் ஆங்கிலப் பள்ளிகள் வந்த பிறகும் கடைத்தெருவில் பழைய வாய்பாடு உயிரோடு இருந்தது.

அதற்கு முற்றுப்புள்ளி வைத்த நாள் 1957 ஏப்ரல் 1. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. சிக்கல் என்னவென்றால், ஓரணா என்பது ஆறே கால் நயா பைசா. அப்படி ஒரு நாணயம் கிடையாது. அரசு வெளியிட்ட மாற்றுப் பட்டியலில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மூன்று ஓரணாச் சாமானைத் தனித்தனியே வாங்கினால் 18, சேர்த்து வாங்கினால் 19! பதினாறு முறை ஓரணாவுக்கு வாங்கியவர் கொடுப்பது 96 பைசா. கடைக்காரருக்கு ரூபாய்க்கு நாலு பைசா நட்டம். அவர் உஷாராகி ஏழாக்கினால் 112 ஆகிவிடும். நட்டம் வாங்குபவர் பக்கம். முழு எண்ணாக்கும் பாடத்தை நாடு முழுவதும் காசு கொடுத்துப் படித்த காலம் அது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. நாலணா மட்டும் பேச்சில் பிழைத்துக் கிடந்தது. 2011 ஜூன் 30உடன் 25 பைசா செல்லாமல் போனபோது அதுவும் பழங்கதை ஆயிற்று.

எடைக்கல்லும் 1958 அக்டோபரில் மாறத் தொடங்கியது. நாற்பது பலம் கொண்ட வீசை போய், கிலோ வந்தது. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. எட்டு வீசை கொண்ட மணங்கு சுமார் 11.2 கிலோ. இவை பாட்டிமார் பேச்சோடு போய்விட்டன. பழைய அளவை முழுமையாகத் தோற்காத இடங்களும் உண்டு. தங்கத்தை இன்றும் எட்டு கிராம் சவரனாகத்தான் கேட்கிறோம். வட்டி பேசும்போது ‘ரெண்டு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். வங்கி விளம்பரத்தில் வருட வட்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ‘ரெண்டு’ சின்ன எண்ணாகத் தெரிவதில்தான் கடன் கொடுப்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

காவிரிப் படுகையில் நிலம் இன்றும் மாவில்தான் விலை பேசப்படுகிறது. பத்திரத்தில் செண்ட், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். குழிக்கு 144 சதுர அடி என்ற கணக்கில் ஒரு மா 14,400 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி என்பதால் அது ஏறக்குறைய 33 செண்ட். ஒரு ஏர் 2.47 செண்ட். ஆகவே ஒரு மா நிலத்துக்குப் பட்டாவில் சுமார் 13.4 ஏர் இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.