ஆழ் வெப்பச்சலன முகில் அளவுத்திருத்தம்

வெப்பமண்டலத்தில் மிக உயரம் எழும் இடிமேகங்களின் வெண்மையை அளவுகோலாக வைத்து, செயற்கைக்கோள் உணரிகள் ஆண்டுக்கணக்கில் எவ்வளவு மங்கியிருக்கின்றன என்று கண்டறியும் முறை.

விண்ணுக்குப் போன கருவி ஆய்வகத்துக்குத் திரும்புவதில்லை. 2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் படக்கருவியில், ஆடிகளில் படிந்திருந்த டங்ஸ்டன் ஆக்சைடு வெயில் பட்டுக் கருத்தது. அண்மை அகச்சிவப்புப் பட்டைகளின் உணர்திறன் சடசடவென்று சரிந்தது. இத்தகைய சரிவைக் கண்காணிக்கச் சூரிய ஒளியைச் சிதறடிக்கும் வெண்பலகை ஒன்றைக் கருவியோடு அனுப்புவதுண்டு. அந்தப் பலகையும் தேயும். டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவியில் பலகையின் கதவை 2003 முதல் திறந்தே வைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் தேய்மானம் விரைந்தது. பழைய வானிலைச் செயற்கைக்கோள்கள் பலவற்றில், கண்ணுறு ஒளிப் பட்டைகளுக்கு அப்பலகைகூடக் கிடையாது. எனவே நிலா, லிபியப் பாலைவனம், அண்டார்க்டிகாவின் டோம் சி பனிவெளி ஆகியவற்றோடு முகிலும் வெளிச் சாட்சியாக அழைக்கப்படுகிறது.

நொடிக்கு நொடி உருமாறும் முகிலை நிலையான அளவுகோல் என்பது முதலில் விந்தையாகத்தான் படும். ஆனால் இந்த முகில்களின் உச்சி வளிமண்டலத்தின் அடியடுக்கு முடியும் எல்லையைத் தொடுகிறது. ஈரமும் தூசியும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. தடித்த பனிப்படிகத் திரள் என்பதால் அடியில் கடலா நிலமா என்பது மேலே தெரிவதில்லை. கண்ணுறு ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில், எல்லாத் திசைகளிலும் சீராகத் திருப்பி அனுப்புகின்றன.

முகிலைத் தேர்ந்தெடுப்பது அகச்சிவப்பு. 11 மைக்ரோமீட்டர் பட்டையில் 205 கெல்வினுக்கும், அதாவது சுமார் −68° செல்சியசுக்கும் கீழே குளிர்ந்த படப்புள்ளிகள் மட்டும் எடுக்கப்படும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சீராக இல்லாதவை, அதாவது முகிலின் ஓரங்கள், கழிக்கப்படும். வெயில் மிகச் சாய்ந்து விழும் காட்சிகளும் ஒதுக்கப்படும். ஒரு மாதத்தில் தேறிய புள்ளிகளின் எதிரொளிப்பைப் பரவல் வரைபடமாக்கினால் கூர்மையான முகடு ஒன்று எழும். தனி முகில் எதையும் நம்ப முடியாது. ஆயிரக்கணக்கானவை சேர்ந்து எழுப்பும் முகடு மாதாமாதம் பெரிதாக நகராது. பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்த பின்னும் முகடு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால், மாறியது முகிலல்ல, கருவி என்று கொள்ளலாம்.

நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இம்முறையை வளர்த்தெடுத்ததில் முன்னின்றது. உலக வானிலை அமைப்பின் முன்முயற்சியில் 2005இல் தொடங்கிய ஜிசிக்ஸ் என்னும் பன்னாட்டு ஒருங்கமைப்பு, அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவியை மேற்கோளாக வைத்து புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் இதைப் பயன்படுத்தியது. அவை நிலநடுக்கோட்டின் மேலேயே நிற்பதால் இந்த முகில்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லாப் பட்டைகளுக்கும் இது உதவாது. 1.6 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் பனியே ஒளியை உறிஞ்சுவதால், படிகத்தின் பருமனுக்கேற்ப எதிரொளிப்பு மாறும். கடலின் மங்கிய ஒளியை அளக்க அமைந்த பட்டைகள் பல, முகிலின் வெண்மையில் கண்கூசி உச்ச அளவில் முட்டி நின்றுவிடும். நிலத்தின் மேல் எழும் முகிலும் கடலின் மேல் எழுவதும் வெண்மையில் சற்றே வேறுபடும். இன்னொரு சிக்கலும் உண்டு: முகிலைப் பொறுக்கித் தரும் அகச்சிவப்புப் பட்டை பிழைபட்டால் பொறுக்கப்படும் முகில்களும் மாறும். ஆகவே அந்தப் பட்டையை வேறொரு செயற்கைக்கோளோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்ட பிறகே முகில்களை எண்ணத் தொடங்குகிறார்கள்.