சேரிக்கு ஏற்ற நூல்கள்

1885-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் சிற்றூரின் பொது நூலகக் குழுவினர், அந்நாட்டில் சில வாரங்களுக்கு முன் வெளிவந்திருந்த ஒரு நூலை எடுத்துவைத்து ஆராய்ந்தனர். எமர்சனும் தோரோவும் வாழ்ந்த ஊர் அது. சிந்தனையாளர் ஊர் என்று பெயர் பெற்றது. ஆராயப்பட்ட நூலோ, குடிகாரத் தந்தையின் அடிக்குத் தப்பி ஓடிய ஒரு சிறுவனின் கதை. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடும் கருப்பின மனிதர் ஒருவரோடு தெப்பத்தில் ஏறி, மிசிசிப்பி ஆற்றில் மிதந்து போகிறான் அவன். பள்ளியும் தேவாலயமும் கற்பிக்காத சொற்களில் தன் கதையைத் தானே சொல்கிறான். மார்க் டுவைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’தான் அந்நூல். குழுவினர் தீர்ப்பளித்தனர்: இது குப்பை, அறிவும் மதிப்பும் உடையோர்க்கு ஆகாது, சேரிகளுக்கே ஏற்றது!

டுவைன் கலங்கவில்லை. இந்தத் தடையினாலேயே 25,000 படிகள் கூடுதலாக விற்கும் என்று தம் பதிப்பகத்தாருக்கு எழுதினார். நம்மால் அவ்வாறு சிரித்துவிட்டுப் போக முடியவில்லை, தோழர்களே! சேரி என்ற சொல்லை வசையாக எடுத்து வீசுவோரை நாம் அறிவோம். எனவே கேட்கத் தோன்றுகிறது: சேரியிலும் பிள்ளைகள் உண்டல்லவா? அவர்களுக்கு ஏற்றது இந்நூல் என்றால், அவர்கள் கையிலேனும் கொடுத்தார்களா? மேன்மக்கள் பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று கூறத் தெரிந்தவர்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார்களா?

ஏழைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஒருவர் அதற்கு முன்பே இருந்தார். ஹொரேஷியோ ஆல்ஜர் என்பது அவர் பெயர். 1868-இல் நூலாக வந்த அவருடைய ‘ராகெட் டிக்’, நியூயார்க் வீதிகளில் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைக்கும் சிறுவனின் கதை. வைக்கோல் போட்ட பெட்டிக்குள் உறங்குகிறான், கந்தல் உடுத்துகிறான், வீதிகளின் பெயர்கள்கூட உண்மையானவை. தொடக்கம் உண்மைதான், முடிவோ? படகில் போகும்போது செல்வர் ஒருவரின் சிறு மகன் நீரில் விழுகிறான். டிக் குதித்துக் காப்பாற்றுகிறான். மனம் நெகிழ்ந்த தந்தை வாரம் 10 டாலர் சம்பளத்தில் எழுத்தர் வேலை கொடுக்கிறார். இதே வார்ப்பில் நூல் நூலாக வார்த்துத் தள்ளினார் ஆல்ஜர். வீதியில் கிடந்த சிறுவர்களோ ஆயிரமாயிரம். அத்தனை பேரும் உயர்வதற்கு, நீரில் விழக்கூடிய செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் வேண்டும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

அன்றாட வாழ்வைச் சிறுவர் நூலுக்குள் நேர்மையோடு கொண்டுவந்தோர் பின்னர் தோன்றினர். அவர்களைக் குறைத்துக் கூறோம். 1940-ஐ ஒட்டி யாக்கிமா நகர நூலகத்தில் பணியாற்றிய பெவர்லி கிளியரி என்ற இளம்பெண்ணிடம் சிறுவர்கள் வந்து, தங்களைப் போன்ற பையன்களைப் பற்றிய நூல் எங்கே என்று கேட்டார்கள். அலமாரியில் அப்படி ஒன்றை எடுத்துக் கொடுக்க அவரால் இயலவில்லை. அந்தக் கேள்வியை மறவாது 1950-இல் அவர் எழுதியதே ‘ஹென்றி ஹக்கின்ஸ்’. அரசகுமாரன் இல்லை, தேவதை இல்லை. ஒரு பையனும் அவன் எடுத்து வளர்க்கும் தெருநாயும்தான். நல்ல நூல். எனினும் அந்தத் தெரு, நடுத்தர வருவாயுள்ள வெள்ளையர் வாழும் தெரு. அதற்கப்பாலும் தெருக்கள் இருந்தன.

அந்தத் தெருக்களை எண்ணிக் கணக்கெடுத்தவர் நான்சி லாரிக் என்ற கல்வியாளர். ஐந்து வயதுக் கருப்பினச் சிறுமி ஒருத்தி, படநூலில் வருபவர்கள் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருப்பது ஏன் என்று கேட்டதைத் தொடக்கமாக வைத்து, 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரெவ்யூ’ ஏட்டில் அவர் கட்டுரை எழுதினார். 63 பதிப்பகங்கள் 1962 முதல் 1964 வரை வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்கள் அவர் கணக்கில் வந்தன. கருப்பினத்தவர் ஒருவரேனும் தலைகாட்டிய நூல்கள் 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. தலைகாட்டியவற்றிலும் ஏறக்குறைய 60 விழுக்காடு, கதையை வெளிநாட்டிலோ இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்திலோ கொண்டுபோய் வைத்துவிட்டன. இன்றைய அமெரிக்காவில் வாழும் கருப்பினத்தவரின் கதையைக் கூறியவை எத்தனை? ஆயிரத்துக்கு எட்டு! மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டன் நகரில் பெருந்திரளின் முன் முழங்கிய ஆண்டும் அந்த மூன்று ஆண்டுகளுள் ஒன்றே. நாடே அதிர்ந்தது, பிள்ளைகளின் அலமாரி மட்டும் அசையவில்லை. காரணமும் மறைபொருள் அன்று. தென் மாநிலங்களில் விற்பனை போய்விடுமே என்ற அச்சம் பதிப்பகத்தாருக்கு. சிறந்த சிறுவர் நூலுக்கென்று 1922 முதல் வழங்கப்பட்டு வரும் நியூபெரி விருதைக் கருப்பின எழுத்தாளர் ஒருவர், வர்ஜீனியா ஹாமில்டன், முதன்முதலாகப் பெற்றது 1975-இல்தான். இடையில் ஓடியவை 53 ஆண்டுகள்.

பெரியவர்கள் எழுதித் தருவார்கள் என்று காத்திராமல் தானே எழுதத் துணிந்தாள் ஒரு பள்ளி மாணவி. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தைச் சேர்ந்த சூசன் ஹின்டன். அவர் படித்த பள்ளியில், எண்ணெய் தடவி நீளமுடி வளர்த்த ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம். கார் வைத்திருக்கும் செல்வர் வீட்டுப் பையன்கள் மற்றொரு கூட்டம். தோழன் ஒருவன் அடிபட்டதைக் கண்டு கொதித்துப் போய் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. இளைஞர்க்கென்று வந்த நூல்களோ, பள்ளி நடனத்துக்கு எந்தப் பையன் துணை வருவான் என்று ஏங்கும் பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. இதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், கதை கட்டுரை எழுதும் பாடத்தில் தமக்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணே கிடைத்தது என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆசிரியர்களின் அளவுகோலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் வெளிவந்தது. பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் மதிப்புரைஞர்கள் படியாமலே தள்ளிவிடுவார்கள் என்று, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டனர்! பெற்றோரை இழந்து அண்ணன்களின் உழைப்பில் வாழும் 14 வயது போனிபாய் அக்கதையைக் கூறுகிறான். கத்திக்குத்து உண்டு, சாவு உண்டு. ஊரார் போக்கிரி என்று ஒதுக்கிய அவனுக்குப் புத்தகம் படிக்கும் ஆசையும் உண்டு. இந்தக் கடைசிச் செய்திதான் பலருக்கு வியப்பைத் தந்தது போலும். நூலைத் தடை செய்த பள்ளிகள் இருந்தன; நெஞ்சோடு அணைத்துக்கொண்ட மாணவர்கள் அவற்றினும் மிகுதி. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் நூலகரோடு சேர்ந்து கையெழுத்திட்டு, இதைப் படமாக எடுங்கள் என்று பிரான்சிஸ் கொப்பொலாவுக்கு மடல் எழுதினார்கள். 1983-இல் அவர் எடுத்தார்.

மூன்றாண்டு கழித்து, 1970-இல், ஜூடி புளூம் எழுதிய மார்கரெட்டின் கதை வந்தது. யூதத் தந்தைக்கும் கிறித்துவத் தாய்க்கும் பிறந்த அவளை எந்த மதத்திலும் சேர்க்காமல் வளர்க்கிறார்கள். யூதரை மணந்தாள் என்று மகளையே விலக்கி வைத்தவர்கள் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும். பேத்தியைத் தங்கள் மதத்துக்காரி என்று கொண்டாடத் துடிப்பவள் தந்தையின் தாய். பதினொரு வயதுச் சிறுமி, மதம் என்றால் என்ன என்று ஓர் ஆண்டு முழுதும் தானே ஆராயப் புறப்படுகிறாள். அவளை நம் கூட்டத்துப் பெண் என்று உரிமை கொண்டாட மாட்டோம். தனியே கடவுளோடு பேசுகிறவள் அவள். ஆனால், யூதர் வழிபாட்டு மன்றத்திலும் தேவாலயத்திலும் தான் தேடியது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் கூறும் துணிவு உடையவள். பூப்பெய்துவது எப்போது என்ற தவிப்பையும் அப்படியே கூறிவிடுகிறாள். புளூம் தம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு இந்நூலை நன்கொடையாகக் கொடுத்தபோது, மாதவிடாய் பற்றிய பேச்சு இருக்கிறது என்று தலைமையாசிரியர் ஏற்க மறுத்துவிட்டார். அந்தப் பள்ளிச் சிறுமியருள் மாதவிடாய் வந்தவர்களும் இருந்திருப்பார்கள்; அதற்கு அவர் என்ன தடை விதித்தாரோ!

இங்கே ஒரு போலியையும் சொல்லியாக வேண்டும். 1971-இல், போதைப்பொருளால் அழிந்த சிறுமி ஒருத்தியின் உண்மை நாட்குறிப்பு என்று பெயரில்லாமல் வந்தது ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’. இலட்சக்கணக்கானோர் கண்ணீர் விட்டனர். அதை எழுதியவர் பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற நடுவயது மாது. உண்மையின் உடை உடுத்தி வந்த உபதேசம் அது. கதையைக் கதை என்று சொல்லி உண்மை பேசியவர்கள் தடையைச் சந்திக்க, உண்மை என்று சொல்லிக் கதை விட்ட நூல் பெரும்பொருள் ஈட்டிற்று. வேடிக்கை என்னவென்றால், ஒழுக்கக் காவலர்கள் இறுதியில் அதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்கே வருகிறோம். நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில், ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வட்டத்தின் ஆட்சிக் குழுவினர் 1975-இல் ஒரு மாநாட்டுக்குப் போய், ஆட்சேபத்துக்குரிய நூல்கள் என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 1976-இல் 11 நூல்களை நீக்க ஆணையிட்டார்கள். அமெரிக்காவுக்குப் பகை, கிறித்துவத்துக்குப் பகை, யூதர்க்குப் பகை, ஆபாசம் என்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறும், கருப்பின எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்பும் நீக்கப்பட்டவற்றுள் இருந்தன. அவற்றோடு, அலிஸ் சைல்ட்ரஸ் 1973-இல் வெளியிட்ட ‘எ ஹீரோ எய்ன்ட் நத்திங் பட் எ சாண்ட்விச்’ என்ற நூலும்.

ஹார்லெம் பகுதியில் வாழும் 13 வயது பென்ஜி அதன் நாயகன். ஹெராயின் பழக்கத்தில் விழுந்தவன், விழுந்ததை ஒப்புக்கொள்ளாதவன். தாய், பாட்டி, ஆசிரியர்கள், போதை விற்பவன் என்று ஒவ்வொருவரும் அவரவர் வாய்மொழியில் பேசுகிறார்கள். போதையைப் புகழும் நூலன்று அது. பின் எங்கே குற்றம்? அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர் என்ற செய்தி அதில் வருகிறது. அது நாட்டுக்குப் பகையான பேச்சாம்; வழக்கில் குழு உறுப்பினர் அவ்வாறே கூறினர். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தாரா இல்லையா? வைத்திருந்தார். வரலாறு அறிந்தார் எவரும் மறுக்காத உண்மை அது. அந்த உண்மை, ஹார்லெம் சேரியின் கதையோடு சேர்ந்து பிள்ளைகளின் காதில் விழக்கூடாது என்பதே அவர்கள் கவலை.

17 வயது ஸ்டீவன் பிக்கோவும் வேறு நான்கு மாணவர்களும் 1977-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1982 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்ற நூலிழை வேறுபாட்டில், மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. கருத்துகள் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை அகற்றலாகாது என்று நீதிபதி பிரெனன் எழுதினார். நூல்கள் அலமாரிக்குத் திரும்பின. பூசல் அத்தோடு ஓயவில்லை. 2023–24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் நூல்கள் தடைபட்ட நிகழ்வுகள் 10,000-க்கு மேல் என்று பென் அமெரிக்கா அமைப்பு கணக்கிட்டுள்ளது.

தீர்ப்பு வந்தபோது பிக்கோ பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் பென்ஜியின் கதையை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படிக்க முடிந்தது. அங்கே நீரில் விழும் செல்வர் மகன் இல்லை. பென்ஜியைத் தன் மகனாக எண்ணும் பட்லர் என்ற கட்டடப் பராமரிப்புத் தொழிலாளி, வேலைக்கு நேரமாவதையும் பாராமல் தெருவோரம் நிற்கிறார். சிகிச்சைக்கு வருவதாகச் சொன்ன பையன் இன்னும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.