அரசரும் அரசியும் கடலுக்குப் போன கோடை

1789 ஜூன் 25. வின்ட்சர் கோட்டையிலிருந்து குதிரை வண்டிகள் சில தென்மேற்கே கிளம்பின. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசி சார்லட்டும் மூத்த மகள்கள் மூவரோடு கடற்கரைக்குப் போகிறார்கள். அரசருக்கு வயது 51, அவருக்கு வாழ்க்கைப்பட்டு 28 ஆண்டை நெருங்கிய அரசிக்கு 45. பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஏறக்குறைய மூன்று மாதம் நீண்ட அந்தப் பயணத்தைப் போல ஒன்றை அதற்கு முன்னால் அவர்கள் சேர்ந்து போனதில்லை.

கிளம்பியதற்குக் காரணம் நோய். முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில் அரசருக்குச் சித்தம் கலங்கியது. மணிக்கணக்காக ஓயாமல் பேசினார், தூக்கம் போயிற்று, முரண்டு பிடித்தார். வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் ஃபிரான்சிஸ் வில்லிஸ், அடங்காத வேளைகளில் கைகளைக் கட்டிவைக்கும் சட்டையை அரசருக்கே மாட்டினார். கியூ அரண்மனையில் கணவரும் மனைவியும் வெவ்வேறு பகுதிகளில் வைக்கப்பட்டார்கள். வெளியே நாடாளுமன்றத்தில், மூத்த மகனை ஆட்சிப் பொறுப்பில் உட்காரவைப்பதா என்ற சண்டை. அந்தக் குளிர்காலத்தில் அரசியின் தலைமுடி வெளுத்துவிட்டதாக உடனிருந்தவர்கள் எழுதினார்கள். 1789 பிப்ரவரியில் அரசர் தெளிந்தார். ஏப்ரல் 23 அன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. உடம்பு முழுவதும் தேறக் கடல் நீராட்டு நல்லது என்று முடிவாயிற்று.

கடல் மருந்தாகும் என்ற எண்ணம் அப்போது ஓரளவு புதிது. மீனவருக்குக் கடல் பிழைப்பு, மாலுமிக்குப் பாதை. மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. பழைய கரையோர ஊர்களில் வீடுகள் பலவும் காற்றுக்கு அஞ்சிக் கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றன. லூயிஸ் ஊர் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750இல் லத்தீனில் எழுதிய நூல் அந்த வழக்கத்தை அசைத்தது. சுரப்பிக் கட்டிகளுக்குக் கடல் நீரில் குளிக்க வேண்டும், குடிக்கவும் வேண்டும் என்றார் அவர். வசதியுள்ளவர்கள் பிரைட்டனை மொய்த்தார்கள். டார்செட் கடற்கரையின் வேமத்துக்கும் நோயாளிகள் வந்தார்கள். அங்கே அரசரின் தம்பி குளோஸ்டர் கோமகன் வீடு ஒன்று கட்டியிருந்தார். அந்த வீடுதான் அரச தம்பதிக்குத் தங்குமிடம்.

வழிநெடுகத் திருவிழா. நியூ ஃபாரஸ்ட் காட்டின் லிண்ட்ஹர்ஸ்ட்டில் ஐந்து நாள் தங்கினார்கள். பழைய காட்டு மரபுப்படி அரசருக்கு இரண்டு வெள்ளை வேட்டை நாய்கள் காணிக்கையாக வந்தன. அரச குடும்பம் சாப்பிடுவதை ஊர்மக்கள் ஜன்னல் வழியே நின்று பார்த்தார்கள். டார்செட் கிராமங்களில் சிறுமிகள் வழியில் பூத் தூவினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிவது ஃபேனி பர்னியால். ‘எவலினா’ நாவலால் புகழ்பெற்ற அவர், அப்போது அரசியின் உடைகளைக் கவனிக்கும் பணியில் இருந்தார். அந்தப் பணி அவருக்குப் பெரும் சுமை. ஆனால் அவர் நாட்குறிப்பு இல்லையென்றால் இந்தப் பயணம் வெறும் தேதிகளாகச் சுருங்கியிருக்கும்.

வேமத்தில் நகர மேயர் அரசியின் கையை முத்தமிட வந்தார். முறைப்படி மண்டியிட வேண்டும்; அவர் நின்றபடியே குனிந்து முத்தமிட்டார். “மண்டியிட்டிருக்க வேண்டும்” என்று அரண்மனை அதிகாரி கண்டிக்க, “என்னால் முடியாது ஐயா, எனக்கு மரக்கால்” என்றார் மேயர். இது வரையில் சரி. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும், இரண்டு கால்களும் நன்றாக இருந்தும், மேயரைப் பார்த்து நின்றபடியே முத்தமிட்டுப் போனார்கள்.

குளியல் ஜூலை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. குளியல் வண்டி என்பது சக்கரம் வைத்த சின்ன மரக் குடில். குளிப்பவர் கரையில் உடுத்த உடையோடு உள்ளே ஏறுவார். குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். குடில் ஆடி ஆடி நகர, அவர் உள்ளே உடை மாற்றுவார். இடுப்பளவு ஆழத்தில் கடல் பக்கத்துக் கதவு திறக்கும், படிகள் இறங்கும். அங்கே முங்க வைப்பவர்கள் தயாராக நிற்பார்கள்; கரையோரப் பெண்கள் பலரின் தொழில் அது. திடமான கைகளால் ஆளைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் அமுக்கி எடுப்பார்கள். பிரைட்டனில் மார்த்தா கன் என்ற பெண்மணி இந்தத் தொழிலாலேயே நாடறிந்தவரானார்.

வேமத்துப் பெண்களின் தொப்பி நாடாவில் ‘கடவுள் அரசரைக் காப்பாராக’ என்ற வாசகம். அதே வாசகம் இடுப்புப் பட்டையில் பெரிய எழுத்தில். அரசர் கடலில் இறங்கிய நாளில் இன்னொரு குளியல் வண்டி பின்னாலேயே போயிற்று. அதற்குள் ஃபிடில் வாசிப்பவர்கள். அரசர் தலை நீருக்குள் போன நொடியில் அவர்கள் தேசிய கீதத்தை வாசித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் கைகள் கட்டப்பட்டுக் கிடந்த மனிதர், தம் குடிமக்கள் கண்முன்னே கடலில் முங்கி எழுகிறார். அந்த ஆரவாரத்தில் முகத்துதி இருந்திருக்கலாம். நிம்மதி அதைவிட அதிகம் இருந்தது என்பதைப் பர்னியின் பக்கங்கள் காட்டுகின்றன.

அந்த ஜூலை 14 அன்று பாரிஸில் பாஸ்டில் சிறை விழுந்தது. பிரெஞ்சு அரசர் தம் மக்களுக்கு அஞ்சத் தொடங்கிய அதே வாரங்களில் ஆங்கிலேய அரசர் மணலில் மனைவி மக்களோடு உலாவிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் நடுவில் தம்பதியர் மேற்கே புறப்பட்டார்கள். வேமத்திலிருந்து பிரிட்போர்ட், ஹானிட்டன் வழியாக எக்ஸிட்டருக்கும், அங்கிருந்து பிளிமத் அருகே சால்ட்ரம் மாளிகைக்கும் போனார்கள். இன்று ஏ35 நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் பிரிட்போர்ட்டிலிருந்து ஹானிட்டன் வரை இதே வழியில்தான் போகிறார்கள். ஆக்ஸ்மின்ஸ்டரில் தாமஸ் விட்டி 1755இல் தொடங்கிய கம்பளப் பட்டறையை அரசரும் அரசியும் அந்த ஆண்டு நேரில் போய்ப் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெயரே பின்னர் ஒருவகைக் கம்பளத்தின் பெயராயிற்று. பிளிமத்தில் கப்பல் தளம், போர்க்கப்பல் அணிவகுப்பு எனப் பல நாட்கள். பிறகு மறுபடி வேமத்; செப்டம்பரில் வீடு.

கடல் அரசரைக் குணப்படுத்தியதா? இல்லை. அவர் 1805 வரை வேமத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 1801இல் குளோஸ்டர் கோமகனின் வீட்டையும் வாங்கினார். நோயும் 1801, 1804 என்று திரும்ப வந்தது. 1804க்குப் பிறகு அவரோடு தனியே இருக்க அரசி அஞ்சினார். 1810இன் இறுதியில் வந்த நோய் போகவே இல்லை. மறு ஆண்டு மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சார்லட் 1818இல் இறந்தார், ஜார்ஜ் 1820இல். நோயின் பெயர் பற்றி மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

அரசருக்கு நடக்காத நன்மை ஊருக்கு நடந்தது. வேமத் வளைகுடாவின் ஓரமாகக் கடலைப் பார்த்த வீட்டு வரிசைகள் எழுந்தன. கரையோர ஊர்கள் கடலை நோக்கி முகத்தைத் திருப்பிய காலம் அது. அந்த மாற்றத்தில் மூத்த மகனுக்கும் பங்குண்டு: வேல்ஸ் இளவரசர் 1783 முதலே பிரைட்டனுக்குப் போய்வந்தார், பின்னாளில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷைக் கொண்டு அங்கே இந்தியப் பாணிக் குவிமாடங்களோடு மாளிகை எழுப்பினார். சூதாட்டம், விருந்து, காதல் என்ற கடற்கரை மகனுடையது. காலை நீராட்டு, பிள்ளைகளோடு மணலில் நடை, மாலையில் நாடகம் என்ற கடற்கரை தாய் தந்தையுடையது. 1857இல் வேமத்துக்கு ரயில் வந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டமும், 1938இல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டமும் வந்தன. கடைக்காரரும் ஆலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு கடலுக்கு வரத் தொடங்கியபோது, பெரும்பாலோர் பின்பற்றியது மகனின் வழியை அல்ல, பெற்றோரின் வழியை.

வேமத் கடற்கரைச் சாலையில் அரசரின் வண்ணச் சிலை நிற்கிறது. அவர் ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி நன்றியுள்ள ஊரார் வைத்தது. கிழக்கே ஆஸ்மிங்டன் குன்றின் சரிவில் 1808இல் சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கி, குதிரைமேல் அவர் போவதுபோல் பிரம்மாண்டமான வெள்ளை உருவம் வரைந்தார்கள். சாலையிலிருந்தே தெரியும். குன்றில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். அந்தக் குளிர்காலத்தைத் தாங்கி, பித்துத் தெளிந்த கணவரோடு ஊர் ஊராக வந்து கூட்டத்தின் முன் நின்ற சார்லட்டுக்கும் அங்கே பாதி இடம் சேர வேண்டும். அந்தப் பக்கம் போகும் தம்பதிகள் வண்டியை நிறுத்தி அந்தக் குதிரை உருவத்தைப் பார்க்கும்போது, அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.