தும்பிக்கை போட்ட ‘லை’

கிரானில் வசிக்கும் முதியவர் ஒருவர், மட்டக்களப்பு அச்சகமொன்றில் தான் கோத்த ஈய எழுத்துகளில் ஒரு பிடியை ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருக்கிறார். ஓட்டமாவடியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம்தான். யுத்த காலத்தில் அது எங்களுக்கு வெகு தூரமாக இருந்தது.

நான் போனது மூத்தவாப்பாவின் முனாஜாத்துப் புத்தகத்தோடு. அதை மறுபதிப்புச் செய்ய விரும்பினேன். கணினியில் ஏற்றித் தர உட்கார்ந்த மகன் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். “வாப்பா, இது என்ன எழுத்து?” என்றான். அவன் கேட்டது ‘லை’யை.

பெரியவர் போத்தலைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை எடுத்தார். “இதுதான் மனே, தும்பிக்கை போட்ட லை.” இடம் வலம் மாறியிருந்த அந்த எழுத்தின் முன்னே கோடு வளைந்து ஏறியிருந்தது.

ஆங்கிலத்தின் பழம்பாணி எழுத்துருக்களில் கோட்டு நுனிக்கு ஒரு சிறு பாதம் உண்டு. உரோமரின் கல்வெட்டு எழுத்திலிருந்து வந்தது அது. நமது எழுத்துக்குப் பாதமில்லை. ஓலையில் எழுத்தாணி ஏறத்தாழ ஒரே தடிப்பில்தான் கீறும். ஆகவே, தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டழகு பெரும்பாலும் அச்சு தந்த சேர்மானம் என்றே நான் கருதுகிறேன். தரங்கம்பாடி மிஷனுக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, கடதாசியைத் தின்றன. சிறியவற்றை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. பின்னர் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் எழுத்தை இன்னும் நுணுக்கினார். அங்கு 1862இல் அச்சான வின்சுலோ அகராதியைப் பார்த்தவர்களுக்கு அந்த நேர்த்தி தெரியும். சித்திலெப்பையின் அசன்பே கதை 1885இல் வெளிவந்த காலத்தில், தும்பிக்கை போட்ட ‘லை’தான் வழக்கிலிருந்தது.

பெரியார் 1935இல் குடிஅரசில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அச்சுக்கோப்பாளருக்கு அது நன்மைதான். பெட்டியில் அறைகள் குறைந்தன. ஈயத்தை ஒரே நாளில் யாரும் எறிந்துவிடவில்லை என்பது வேறு கதை. நமது அரபுத்தமிழ்க் கிதாபுகள் பலவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கல்லச்சில் எழுதியவரின் கையே பக்கமாயிற்று.

யுனிகோட்டில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே, வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. பழைய வடிவு கொண்ட எழுத்துருவை மாட்டினால் தும்பிக்கை திரும்பி வரும், தேடல் பிழைக்காது. மகன் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோசமாயிருந்தது. ஆனாலும் முழுப் புத்தகத்தையும் அப்படிக் கோத்தால் அவனது வயதுப் பிள்ளைகள் ஓதமாட்டார்கள். பாட்டுகளைப் புதிய எழுத்தில் கோத்து, எதிர்ப்பக்கத்தில் பழைய பக்கத்தின் படத்தை வைப்பதென முடிவு செய்தோம்.

பெரியவரிடம் ‘லை’ இரண்டே இருந்தன. ஒன்றை மகனுக்குக் கொடுத்தார்.