நீர்பாய்ச்சியும் ஹேக்கத்தானும்

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணறு, தன் பெயரிலேயே ஒரு கிணற்றைத் தாங்கிய கரிசல் ஊர். அதைச் சுற்றி அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை விரியும் வானம் பார்த்த பூமியில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால், அந்த நீரைப் பிடித்து வைக்கும் கண்மாயே இங்கு நஞ்சை வேளாண்மைக்கு ஆதாரமாக இருந்துவந்தது. மேட்டு நிலத்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், வளைந்த மண்கரை, வயலுக்கு நீர் திறக்கும் மடை, மிகுநீரை அடுத்த கண்மாய்க்கு வழியனுப்பும் கலுங்கு ஆகியவை சேர்ந்ததே கண்மாய் என்பதால், இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மற்றவை பயனற்றுப் போயின.

இப்பழுதுகளைக் குடிகளே கூடி நீக்கும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மராமத்து என்பது பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல். கோடையில் கண்மாய் வற்றியதும் அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பி, வண்டலை வெட்டிக் கரையில் கொட்டி, எஞ்சியதை வயலுக்கு உரமாக வண்டியேற்றிச் சென்றனர். எனினும் கண்மாயைக் காப்பாற்றியது இச்சில நாள் கூட்டுழைப்பு மட்டுமன்று. மடையைத் திறந்து அடைக்கவும், நீர் குறைந்த காலத்தில் முறைவைத்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சவும் நீர்பாய்ச்சி என்றொரு பணியாளர் இருந்தார். இரவில் மண்வெட்டியோடு வாய்க்கால் வரப்பில் நடந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்த அவருக்கு, அறுவடைக் களத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் அளந்துகொடுத்த நெல்லே கூலி. பல ஊர்களில் இவ்வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர்மீதே சுமத்தப்பட்டது என்பதையும், கூட்டுழைப்பின் சுமை எல்லார்மீதும் சமமாக விழவில்லை என்பதையும் மறந்து இவ்வழக்கத்தைப் புகழ்வது முறையாகாது.

1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி ஆள் அனுப்பத் தவறியவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டம் வசூலிக்க இடமளித்தது. வழக்கம் தளரத் தொடங்கியதற்கு அச்சட்டமே சான்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் கண்மாய்கள் அரசின் பொறுப்பாகி, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உடையவை பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே சூட்டி 1,519 பணிகளுக்குத் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே, ஏப்ரல் 1, 2 தேதிகளில், முதலாவது ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நாடெங்கும் நடந்தது. ஹேக்கத்தான் என்பது நிரலர்கள் ஓரிடத்தில் கூடி, குறித்த நேரத்துக்குள் இடைவிடாது உழைத்து ஒரு மென்பொருளை உருவாக்கும் போட்டி அல்லது முகாம். 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதள நிரலர்கள் கூடியபோது இச்சொல் வழக்குக்கு வந்தது. இந்தியப் போட்டியில், குறைந்தது ஒரு மாணவியேனும் உட்பட ஆறு மாணவர்களைக் கொண்ட அணிகள், அரசுத் துறைகள் முன்வைத்த சிக்கல்களுக்கு 36 மணி நேரத்தில் தீர்வு காண முயன்றன. பலர் கூடி, சில நாளில், பொதுநலனுக்காக ஒன்றைச் செய்து முடிக்கும் இவ்வேலை கோடைக் கண்மாயில் மண் வெட்டியதற்கு உறவுமுறைதான். ஆனால் மடைக்கு ஆள் யார் என்ற கேள்வி இங்கு பெரும்பாலும் எழுவதில்லை.

அக்கேள்விக்கு விருதுநகரின் அண்டை மாவட்டத்தில் ஒரு முன்கதை உண்டு. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில், சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தின் துணையோடு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. மையத்தின் வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனையின் கருத்தைக் கேட்க முடிந்தது. பிறப்பு, வருமானச் சான்றிதழ்களுக்கான மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஊரிலிருந்தே சென்றது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமான அந்த வசதி எளிய குடும்பத்துக்குச் சிறியதன்று. ஆனால் அதை முன்னின்று நடத்திய அலுவலர்கள் மாறுதலாகிச் சென்றபின் மனுக்களைக் கவனிப்பாரின்றிச் சேவை நின்றது. சில ஆண்டுகளில் மையங்களில் பலவும் மூடப்பட்டன. கருவிகளில் பெரிய பழுதில்லை, நீர்பாய்ச்சிதான் இல்லை.

இதற்கு மாறான கதை இலங்கையில் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாள்களில் கொழும்பில் தன்னார்வ நிரலர்கள் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து தேடும் இணையச் செயலியை எழுதினர்; சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹானா என்னும் அச்செயலி, கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால், அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்க நிவாரணத்துக்கும் பயன்பட்டது. அவசரத்தில் எழுதிய நிரலைத் திருத்தி எழுதவும், புதிய நாடுகளுக்கேற்ப மாற்றவும், வந்து சேரும் பிழை முறையீடுகளைத் தீர்க்கவும் ஆள்கள் தொடர்ந்து கிடைத்தனர். 2009இல் அப்பணிக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.