ஜாலஸ்தியின் ஐந்நூறு பேர்

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். பத்தாலா என்று அவர் எழுதியிருக்கும் புத்தளத்தில் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகச் சில நாட்கள் தங்கி, பாவாதமலைக்கு ஏறி இறங்கி, தெவிநுவரையையும் காலியையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கலன்பு என்ற பட்டினத்தை அடைகிறார். களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்த நமது கொழும்புதான் அது. ஸரன்தீபின் அழகிய பெரிய நகரங்களில் ஒன்று என்று அதைப் புகழ்கிறார். அங்கே கடலுக்கு அதிபதியான ஜாலஸ்தி என்ற வஸீர் இருந்தாராம். அவரோடு ஏறக்குறைய ஐந்நூறு ஹபஷிகள் இருந்தார்களாம்.

இந்தக் குறிப்பை நம்மவர் அடிக்கடி எடுத்தாள்வதுண்டு. போர்த்துக்கேயர் வருமுன்பே கொழும்பில் நமக்கு வேர் இருந்தது என்று காட்ட இதைவிட வசதியான சான்று ஏது? ஆனால் நமது கண் ஜாலஸ்தியிடமே நின்றுவிடுகிறது. அவருடன் இருந்த ஐந்நூறு பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஹபஷிகள் என்றால் அபிசீனியர், இன்றைய எத்தியோப்பியப் பக்கத்து மனிதர். இந்து சமுத்திரத்தில் கப்பல்களுக்குக் காவல் நின்ற வீரர்களாக அவர்கள் பெயர் பெற்றிருந்தனர். குஜராத் கரையில் தாம் ஏறிய கப்பலில் ஐம்பது ஹபஷி வீரர்கள் இருந்ததை அதே பயணி வேறோர் இடத்தில் எழுதுகிறார். கடற்கொள்ளையர் அஞ்சியது அவர்களுக்குத்தான். ஆகவே கொழும்பின் பதிவான வரலாற்றில் ஆபிரிக்கர் முதலில் தோன்றுவது விலங்கு பூட்டிய அடிமைகளாக அல்ல, கையில் வில்லும் ஈட்டியும் ஏந்திய காவலர்களாக.

விலங்கின் கதை பின்னால் வருகிறது. கிழக்காபிரிக்கக் கரையிலிருந்தும் கோவாவிலிருந்தும் போர்த்துக்கேயர் ஆட்களைக் கொண்டுவந்து படைக்கும் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொண்டனர். அவர்களைக் ‘கஃப்ரே’ என்று அழைத்தனர். இந்தச் சொல்லின் பயணத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இஸ்லாத்தை ஏற்காதவரைக் குறிக்கும் காஃபிர் என்ற அறபுச் சொல்லை, கிழக்காபிரிக்கக் கரையின் முஸ்லிம் வணிகர் உள்நாட்டு மக்களுக்கு வைத்தனர். அதைப் போர்த்துக்கேயர் கேட்டு எடுத்துக்கொண்டனர். அது சிங்களத்தில் காப்பிரியாகவும் நமது பேச்சில் காப்பிலியாகவும் ஆயிற்று. பெரும்பாலும் கத்தோலிக்கரான ஒரு சிறு சமூகம், முஸ்லிம் வணிகர் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல்லை இன்றைக்கும் தன் பெயராகச் சுமக்கிறது. தென்னாபிரிக்காவில் இச்சொல்லைச் சொல்லி ஒருவரைத் திட்டினால் சிறைக்குப் போக நேரலாம். இலங்கையில் அவர்கள் அதைத் தமது இனப்பெயராகவே கூச்சமின்றிச் சொல்கிறார்கள். ஆனால் சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் ‘காப்பிலித் தலை’ என்று நம் வீடுகளில் கேலி பேசும்போது, அது இனப்பெயராக வருவதில்லை. பிலால் ரலியல்லாஹு அன்ஹு அவர்களைப் பற்றி ஜும்ஆவில் உருகிக் கேட்டுவிட்டு வந்த அதே வாயால்தான் சொல்கிறோம்.

கண்டி அரசனும் ஆபிரிக்கரை நம்பினான். 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்த றொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், இரண்டாம் இராஜசிங்கன் தன் சொந்தக் குடிகளைவிடக் காப்பிலிக் காவலர்களிடம் அதிக நம்பிக்கை வைத்திருந்தான் என்று எழுதுகிறார். ஊரில் உறவில்லாதவன் சதி செய்யமாட்டான் என்பது அரசர்களின் பழைய கணக்கு.

ஒல்லாந்தர் கொழும்பை 1656இல் பிடித்தார்கள். அவர்கள் காலத்தின் நினைவுதான் கொம்பனித்தெரு. பகலில் கோட்டைக்குள் வேலை செய்த அடிமைகளை இரவில் வாவி நடுவே இருந்த மேட்டில் கொண்டுபோய் அடைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஒல்லாந்த அதிகாரியும் மனைவியும் தம் அடிமைகளால் கொல்லப்பட்ட பின்பே இந்த ஏற்பாடு வந்தது என்றும், தப்பி நீந்துவோரைத் தடுக்க வாவியில் முதலை விட்டார்கள் என்றும் கதை உண்டு. முதலைக் கதையை எவ்வளவு நம்புவது என்பது வாசகர் விருப்பம். ஆங்கிலத்தில் ‘சிலேவ் ஐலண்ட்’ என்ற பெயர் நிலைத்தது. தமிழிலும் சிங்களத்திலும் கொம்பனியின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண்டான் பெயரை நாம் வைத்துக்கொண்டோம், அடிமையின் பெயர் ஆங்கிலத்தோடு போயிற்று.

அந்த அடிமைகள் எல்லோரும் ஆபிரிக்கர் என்று நினைக்க வேண்டாம். 1659 தொடங்கித் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது, நாகப்பட்டினக் கரையிலிருந்து ஒல்லாந்தக் கொம்பனி ஆயிரக்கணக்கில் தமிழரையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. இதைச் சொன்னால் முகம் சுளிப்போர் உண்டு. அடிமை என்றவுடன் கறுத்த வேற்றான் ஒருவனைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் சௌகரியம் இதனால் கெட்டுப்போகிறது அல்லவா?

பிரித்தானியர் வந்தும் வாங்குவது நிற்கவில்லை. முதல் ஆள்பதி பிரெடெரிக் நோர்த் கோவாவில் காப்பிலிகளை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தார். 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், அடிமைகளுக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராக்க உடைமையாளர் பலர் இணங்கினர். 1844இல் சட்டம் முழுமையாக அடிமை முறையை ஒழித்தது. இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. படையிலிருந்து விலகிய ஆபிரிக்கக் குடும்பங்கள் சில புத்தளம் பக்கத்தில் குடியேறின. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் அதிகம் வாழ்வது புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில். இப்னு பதூதா இறங்கிய அதே கரைப்பக்கம். 2012 குடிசனக் கணக்கெடுப்பின் இன வரிசையில் அவர்களுக்குத் தனி வரி இல்லை. ‘ஏனையோர்’ என்பதில் கரைந்துவிட்டனர்.

சிறாம்பியடியில் மிஞ்சியிருப்பது பாட்டு. மஞ்சா என்கிறார்கள். றபான், சிரட்டை, போத்தலும் கரண்டியும் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏறி ஏறி, கடைசியில் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிவிடும். சொற்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். பாடுவோரில் இளையவர்களுக்கு அந்த மொழி தெரியாது. வீட்டிலே பேசுவது சிங்களமும் தமிழும். பொருள் நழுவிப்போன சொற்களை ஓசையாகவே பேணுகிறார்கள். அறபு தெரியாமல் ஓதிப் பழகிய நமக்கு இது புரியாத நிலை அல்ல.

கலியாண வீடுகளில் நாம் கைதட்டும் பைலாவின் தாய் இவ்வகைப் பாட்டுத்தான். கப்பிரிஞ்ஞா என்ற ஆட்டத்தின் பெயரிலேயே காப்பிலி இருக்கிறான். பொலிஸில் வேலை பார்த்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பாடி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நாடெங்கும் பரப்பினார். வேர் சிறாம்பியடியில் இருக்க, புகழ் வானொலிக்குப் போயிற்று.

இந்தப் பாடல்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் வெளியார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற பிரித்தானிய அதிகாரி சேகரித்த கிரியோல் ஏடுகள் இலண்டனில் இருக்கின்றன. கே. டேவிட் ஜக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கிரியோல் பாடல்களைத் தொகுத்து 1990இல் நூலாக்கினார். நம்மவரில் கலாநிதி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய ஒருவரே இந்து சமுத்திர ஆபிரிக்கரைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் என்று துணிந்து சொல்லலாம். அவரும் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் ஒரு முழு நூல் என் கண்ணில் படவில்லை.

நமது சமூகத்துக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை அச்சிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து, அறபு வம்சத்தை நிலைநாட்ட எழுதினார். நூறாண்டுக்கு மேலாக நாம் அந்த இரண்டு கரைகளுக்கிடையிலேயே தோணி விடுகிறோம். அறபுக் கப்பல் வந்தது உண்மை. அந்தக் கப்பலில் ஹபஷியும் வந்தான் என்பதும் உண்மை. வம்சாவளி எழுதும்போது கப்பல்காரனை மட்டும் பாட்டனாக எழுதிக்கொள்கிறோம்.

கொம்பனித்தெருவில் மலே வீதி உண்டு, ரைபிள் வீதி உண்டு, வேகந்த ஜும்ஆப் பள்ளியும் உண்டு. ஆபிரிக்கர் பெயரில் ஒரு சந்துகூட நான் நடந்த வழியில் இல்லை. 2022இன் இறுதியில், மூன்று மொழிகளிலும் கொம்பனித்தெரு என்ற பெயரே பாவிக்கப்பட வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. இழிவான பெயர் போகட்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு இருந்த ஒரே நினைவுக்கல்லும் அந்தப் பெயர்தான். அதைப் பிடுங்கியவர்கள் பதிலுக்கு ஒரு பலகையாவது நட்டிருக்கலாம்.

பலகை நடும் அதிகாரம் நம்மிடம் இல்லை. குரலைப் பதியும் கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆகவேதான் நண்பர் இருவரோடு சேர்ந்து, பொட்காஸ்ட் என்று இளையவர்கள் சொல்லும் ஒலித்தொடர் ஒன்றைத் தமிழில் தொடங்குகிறேன். எந்த நிலையத்தின் தயவும் இல்லை, விளம்பரமும் இல்லை, செலவு எங்களுடையது. கட்டுரையாக எழுதாமல் ஏன் ஒலி என்று கேட்பீர்கள். மஞ்சாவைக் காகிதத்தில் எழுதினால் பொருள் தெரியாத சொற்கள் மாத்திரமே மிஞ்சும். தாளம் ஏறும் அந்த இடம் காகிதத்தில் ஏறாது. பாடுவோரின் சம்மதமின்றி ஒரு வரியும் வெளியிடுவதில்லை என்றும், முதற் பிரதி சிறாம்பியடிக்கே போகும் என்றும் தீர்மானித்திருக்கிறோம். வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொடாத கதைகள் அந்த ஊரில் நிறைய இருக்கும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். புத்தளத்திலோ கற்பிட்டியிலோ வளர்ந்த உங்கள் உம்மும்மாமார், பெரியப்பாமார் காப்பிலிக் குடும்பங்களோடு அயலவராய் இருந்திருக்கக்கூடும். பெருநாளுக்கும் நத்தாருக்கும் சாப்பாடு கைமாறியிருக்கும். பழைய கசெற் நாடாக்கள் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். நாடா அறுந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள், ஒட்டிக் கேட்க வழி இருக்கிறது. பெரியவர்கள் பேசினால் இடைமறிக்காமல் பதிந்து வையுங்கள். முதல் அத்தியாயம் ஜாலஸ்தியின் ஐந்நூறு பேரிலிருந்து தொடங்கும். இரண்டாவது, சிறாம்பியடி மூதாட்டிமார் எப்போது பேச விரும்புகிறார்களோ அப்போது வரும்.