வாக்கு என்னும் இருபொருட் சொல்



தமிழில் 'வாக்கு' என்பது அழகியதொரு சொல். வாயினாற் சொல்லும் சொல்லுக்கும் அதுவே பெயர். கொடுத்த உறுதிமொழிக்கும் அதுவே பெயர். தேர்தற் பெட்டியில் இடும் சீட்டுக்கும், சட்டசபையில் ஓர் உறுப்பினர் தம் இசைவையோ மறுப்பையோ பதியும் செயலுக்கும் அதுவே பெயர். மக்களின் பிரதிநிதி ஒருவரை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. அவர் மேடையிற் சொன்ன வாக்கும், சபையில் அளித்த வாக்கும் ஒன்றாக இருந்தனவா? இவ்வொரு வினாவைத் துணையாகக் கொண்டு, திருக்கேதீஸ்வரத்தையும் அதனைச் சூழ்ந்த மன்னார்க் கரையையும் நிலைக்களனாக வைத்து, நம் நாட்டுப் பாராளுமன்ற வரலாற்றின் முதற் பக்கங்களை இன்று சிறிது புரட்டிப் பார்ப்போம்.

பாலாவிக் கரையில் அமைந்த திருக்கேதீஸ்வரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். பண்டை மாதோட்டத் துறைமுகத்தின் அருகே விளங்கிய அக்கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்றுக் காடு மூடிக் கிடந்தது. அதனை மீட்டெடுக்க வேண்டுமென்று 1872ஆம் ஆண்டில் சைவ மக்களை நோக்கி எழுதியவர் ஆறுமுக நாவலர். அதே நாவலர், தம் வாழ்வின் இறுதியாண்டாகிய 1879இல், வேறொரு பணியிலும் ஈடுபட்டார். சட்டநிரூபண சபையில் தமிழருக்கென இருந்த ஒரே ஆசனம் சேர் முத்துக்குமாரசுவாமியின் மறைவினால் வெறுமையுற்றபோது, அது பொன்னம்பலம் இராமநாதனுக்கே கிடைக்க வேண்டுமென்று பொதுக்கூட்டம் கூட்டி ஆதரவு திரட்டினார். அக்காலத்தில் உறுப்பினரை நியமிப்பவர் தேசாதிபதி. பொதுமக்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் தமக்காகப் பேசப்போகிறவர் யார் என்பதில் மக்களுக்குக் கருத்து உண்டு என்பதை நாவலர் நிலைநாட்டினார். ஊர்க் கோயிலைப் பற்றிய கவலையும் நாட்டின் சபையைப் பற்றிய கவலையும் அவர் உள்ளத்தில் வெவ்வேறாக இருக்கவில்லை.

1931ஆம் ஆண்டில் டொனமூர்த் திட்டத்தின்படி ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் அவ்வாண்டின் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதியோ அவ்வழியிற் செல்லாது தன் பிரதிநிதியை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பின்னர் சோல்பரி அரசியற்றிட்டம் வந்தது. 95 உறுப்பினர் தேர்தல் வழியாகவும் 6 பேர் நியமனத்தாலும் அமைந்த பிரதிநிதிகள் சபையும், 30 பேர் கொண்ட செனற் சபையும் 1947இல் உருவாயின. மன்னார் தனித் தொகுதியாயிற்று. அத்தொகுதியின் முதற் பாராளுமன்ற உறுப்பினராகச் சுயேச்சையாக நின்று வென்றவர் திரு. சி. சிற்றம்பலம். குடியியற் சேவையிற் பணியாற்றிய அவர், டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானார். அயல் தொகுதியாகிய வவுனியாவின் உறுப்பினரும் கணிதப் பேராசிரியருமான செ. சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சரானார். அவ்வமைச்சரவையில் இடம்பெற்ற தமிழர் தொடக்கத்தில் இவ்விருவரே. வன்னியின் இரு தொகுதிகளுக்கும் இஃது ஒரு பெரும் பேறு என்றே மக்கள் மகிழ்ந்திருப்பர்.

சுதந்திரம் பெற்று ஏறத்தாழ ஆறு மாதங்களில் சோதனை வந்தது. 1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்ட மசோதா சபைக்கு வந்து, அம்மாதம் 20ஆந் திகதி நிறைவேறியது. இலங்கையிற் பிறந்தவராயினும், தம் தந்தை இங்கே பிறந்தார் என்றேனும், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றேனும் காட்ட இயன்றவரே வம்சாவளிப் பிரசைகளாவர் என்றது அச்சட்டம். தோட்டத்து லயத்திற் பிறந்த ஒரு தொழிலாளி தன் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? 1946ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி 7,80,000 பேருக்கு மேற்பட்டிருந்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை அச்சட்டம் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதா வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையை நிறுவி, இரண்டாண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்றது அது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம், பிரசைகளுக்கே வாக்கு என்று விதித்து அவ்வேலையை முடித்து வைத்தது.

மலைநாட்டுக்குரிய இப்பிரச்சினைக்கும் மன்னார்க் கரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு மிக நெருக்கமானது. கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்துத் தொழிலாளர் தோணியேறி வந்து இறங்கிய கரை இதுவே. இங்கிருந்துதான் அவர்கள் மூட்டை முடிச்சுடனும் கைக்குழந்தைகளுடனும் காடுகளினூடே தெற்கு நோக்கி நடந்தார்கள். மாத்தளை வரை சென்ற அவ்வடபாதையில் நீரின்றியும், வாந்திபேதியாலும், மலைக்காய்ச்சலாலும் விழுந்து மாண்டவர் பலர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, இருபுறமும் புகையிரதப் பாதையுடன் இணைந்த பின்னரும், அவர்கள் காலடி முதலிற் பதிந்த மண் மன்னார் மண்ணே. ஆகவே, அந்த மக்கள் இந்நாட்டவரா அல்லரா என்று சபையில் மணி அடித்து வாக்குக் கேட்டபோது, சாட்சி சொல்லத்தக்க தொகுதி ஒன்று இருந்ததாயின் அது மன்னாரே.

அவ்வேளையில் வடக்கின் உறுப்பினர் நால்வர் நால்வேறு வழி நின்றனர்.

காங்கேசன்துறை உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம் இரு மசோதாக்களையும் எதிர்த்தார். இன்று மலையகத் தமிழருக்கு மறுக்கப்படும் நீதி, மொழிப் பிரச்சினை எழும் நாளில் இலங்கைத் தமிழருக்கும் மறுக்கப்படும் என்ற கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவர் தொகுதியில் தோட்டங்கள் இல்லை. அவ்வெதிர்ப்பினால் அவருக்கு வாக்கு ஒன்றேனும் கூடப்போவதுமில்லை.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகஸ்டு மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். செப்டெம்பரில் அரசாங்கத்தில் இணைந்து கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார். டிசெம்பர் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். வெளியே நின்று கூக்குரலிடுவதினும் உள்ளே நின்று பெறத்தக்கதைப் பெறுவது நன்று என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்குப் பயனும் இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அவர் கட்சி பிளந்தது. செல்வநாயகமும், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும், செனற்றர் இ. மு. வி. நாகநாதனும் வெளியேறி, 1949 டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர்.

வவுனியா உறுப்பினர் சுந்தரலிங்கம் ஆகஸ்டு மசோதாவின்போது அமைச்சராகவே இருந்தார். டிசெம்பரில் இரண்டாம் மசோதாவின் இரண்டாம் வாசிப்பின்போது அவையிலிருந்து எழுந்து வெளியேறினார். அதற்குப் பிரதமர் விளக்கம் கேட்டபோது அமைச்சுப் பதவியைத் துறந்தார். தாமதித்து வந்த மறுப்பு என்று அதனைக் குறை கூறலாம். எனினும், பதவியை விலையாகக் கொடுத்து வந்த மறுப்பு அது.

மன்னார் உறுப்பினர் சிற்றம்பலம் அமைச்சராகத் தொடர்ந்தார். அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு என்றொரு மரபு உண்டு. உள்ளே எவ்வளவு வாதாடினாலும் வெளியே ஒரே குரலிற் பேசுதல் வேண்டும். அதற்கு இசையாதவர் விலகுதல் வேண்டும். விலகாதிருப்பவர் அவ்வமைச்சரவை கொண்டுவரும் மசோதாவுக்குத் தாமும் உடன்பட்டவராவர். அந்த வகையில், வடபாதை தொடங்கிய கரையின் பிரதிநிதி, அப்பாதையில் நடந்தோரின் பேரர்களை வெளியே நிறுத்திய அரசாங்கத்தின் ஓர் அங்கமாக வரலாற்றில் நிற்கின்றார்.

இதனைக் கொண்டு அவரை முற்றாகக் கடிந்துரைப்பது எளிது, நீதியாகாது. ஓர் உறுப்பினரை அவர் தொகுதி மக்கள் பெரும்பாலும் எதற்காக நாடுகின்றனர்? கட்டுக்கரைக் குளத்து நீர், நெற்செய்கை, வீதி, வைத்தியசாலை, பாடசாலை, தபாற் கந்தோர் ஆகியவற்றுக்காக. வறண்ட மன்னாருக்கு இவை உயிர்த் தேவைகள். இவற்றைப் பெற்றுத் தருவதற்கு அமைச்சரவையிலுள்ள ஒரு குரல் எதிர்க்கட்சி வரிசையிலுள்ள பத்துக் குரல்களுக்கு ஈடாகும். ஊர்க் காரியத்தை நோக்கும்போது அவர் தொடர்ந்து இருந்தமைக்கு நியாயம் காட்டலாம். நாட்டுக் காரியத்தை நோக்கும்போது அந்நியாயம் தளர்ந்துவிடுகின்றது. பிரதிநிதியின் இக்கட்டு இதுவே: குளத்து நீரையும் பிரசாவுரிமையையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் இடுமாறு காலம் அவரைப் பணிக்கின்றது.

இந்த ஒப்புநோக்கில் இன்னொருவரையும் நினைத்தல் வேண்டும். முதற் பிசோதா நிறைவேறி இரு மாதங்களில், 1948 ஒக்டோபரில், திருக்கேதீஸ்வர ஆலயத் திருப்பணிச் சபை அமைந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் சேர் கந்தையா வைத்தியநாதன். அப்போது உயர் அரசாங்க உத்தியோகத்தராக இருந்த அவர், 1950களில் செனற் சபை உறுப்பினராகவும் வீடமைப்பு, சமூகசேவை அமைச்சராகவும் ஆனார். செனற் சபையில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். ஆதலின் மாந்தையிலோ மன்னாரிலோ ஒருவரும் அவருக்கு வாக்களித்ததில்லை. ஆயினும் 1965இல் மறையும்வரை அவர் திருக்கேதீஸ்வரத்துக்கு ஆற்றிய தொண்டு, வாக்குப் பெற்றவர் பலர் ஆற்றாதது. தொண்டு செய்வதற்கு மக்களின் வாக்கு இன்றியமையாததன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. ஆனால் மக்களின் பெயரால் உரிமையை வழங்கவோ பறிக்கவோ வாக்களிப்பவர், அவ்வாக்குக்காக மக்கள்முன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தொண்டு வேறு, பொறுப்பு வேறு.

மக்கள் அக்கணக்கை எவ்வாறு கேட்டனர்? உடனே கேட்கவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மன்னார் சிற்றம்பலத்தையே மீண்டும் அனுப்பியது. காங்கேசன்துறையோ செல்வநாயகத்தைத் தோற்கடித்தது. தமிழரசுக் கட்சி பெற்ற ஆசனங்கள் இரண்டே. மலையகத்தில் 1947இல் வாக்களித்த மக்களுள் பெரும்பாலோருக்கு இம்முறை வாக்கே இல்லை. அவர்கள் தெரிந்தனுப்பிய உறுப்பினர் ஒருவரேனும் சபையில் அமரவில்லை. ஆக, அச்சட்டங்களால் அடிபட்டவர்களுக்குத் தீர்ப்புக் கூறும் உரிமை பறிபோயிருந்தது. உரிமை இருந்தவர்களுக்கோ அடி இன்னும் படவில்லை.

1956இல் அடி பட்டது. சிங்களம் மட்டும் என்ற கோஷம் தெற்கெங்கும் எழுந்தபோது, 1948இற் கூறிய எச்சரிக்கை வடகிழக்கு மக்களின் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. மன்னாரில் அக்கட்சியின் வி. ஏ. அழகக்கோன் வென்றார். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் அத்தொகுதி, குளத்தையும் வீதியையும் மறந்துவிடவில்லை; அவற்றோடு மொழியையும் உரிமையையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் அரசகரும மொழிச் சட்ட மசோதா சபைக்கு வந்தபோது தமிழரசுக் கட்சி உறுப்பினர் உள்ளே எதிர்த்தனர். காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகமும் இருந்தனர். அவர்கள் சொல்லும் வாக்கும் ஒன்றாக இருந்தன. ஆனால் எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருக்கவில்லை. மலையகத் தமிழரின் வாக்கு நிலைத்திருந்தால் அவ்வெண்ணிக்கை சிறிதேனும் கூடியிருக்கும். 1948இல் அளித்த வாக்கின் விலையை 1956இல் எல்லோரும் சேர்ந்து செலுத்தினர்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. இரண்டாம் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவருள் இலங்கைப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு பிரதமர்கள் பங்கிட்டனர். மலைநாட்டிலிருந்து புறப்பட்டவர்களை ஏற்றிய புகையிரதம் தலைமன்னாரை நோக்கி வந்தது. உறவினரின் அழுகுரல் நிறைந்த அந்த வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். பாட்டன் வந்திறங்கிய கரையிலேயே பேரன் கப்பலேறினான். சபையில் சில நிமிடங்களில் முடிந்த ஒரு வாக்கெடுப்பின் நீளம் எத்தகையது என்பதை அக்கரை கண்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இப்பிரச்சினைக்குச் சட்டத்தளவில் ஒரு முடிவைத் தந்தது. 1948இலிருந்து கணக்கிட்டால் இடையிற் சென்றவை 55 ஆண்டுகள்.

செனற் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின்னர் மன்னார், வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. இடிபாட்டிலிருந்து எழுந்த திருக்கேதீஸ்வரம் 1976இல் குடமுழுக்குக் கண்டு, போர்க்காலத் துன்பங்களையும் கடந்து, கருங்கற் திருப்பணி நிறைவுற்று 2022இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

பாடசாலையில் வரலாறு கற்கும் மாணவர், எத்தேர்தலில் எக்கட்சி வென்றது என்பதை நன்கு மனனஞ் செய்கின்றனர். வென்றவர் சபையில் எம்மசோதாவுக்கு எவ்வாறு வாக்களித்தார் என்று கேட்பவர் அரியர். பெரியோரும் அவ்வாறே. பாராளுமன்ற நடவடிக்கைகள் ஹன்சாட் ஏட்டில் அச்சாகி எவரும் படிக்கத்தக்கனவாக இருக்கின்றன. ஆயினும் நாம் மேடைப் பேச்சையே நினைவில் வைக்கின்றோம். மேடையில் உறுப்பினர் நமக்குப் பிரியமானதைச் சொல்வார். குறைகேட்க வீட்டுக்குச் சென்றால் இன்முகங் காட்டுவார். இவை வேண்டியனவே. ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில், நமக்கு உறவில்லாத ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமை தராசில் ஏறும் நாளில் அவர் எப்பக்கம் நின்றார் என்று கேட்டல் வேண்டும். அயலானின் உரிமைக்காக நில்லாதவர், நமது உரிமைக்காக நிற்பார் என்று நம்புவதற்கு இடமில்லை.